காதுமடலின் வேலையை அட்டைப்பெட்டி செய்யுமா?

(மரக்காணத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னைப் பேச அழைத்த, வீடியோ கேம் ஆடும் தம்பிகள் தலைப்போடு ஒரு கேள்வியையும் சேர்த்தே கொடுத்தார்கள். "சார், பெட்டியில செவன் பாயிண்ட் ஒன்னு போட்டிருக்கிற ஹெட்செட் வாங்கினா, எனிமி எந்தப் பக்கம் வர்றான்னு நெசமாவே தெரியுமா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் நஷ்டம் இருக்கக் கூடாது. பெட்டியில் அச்சடித்த 7.1-க்காக, அதாவது ஏழு ஸ்பீக்கர் சுற்றி நிற்கிற மாதிரி கேட்கும் என்ற வாக்குறுதிக்காக, ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல சாதாரண ஸ்டீரியோ ஹெட்போன் வாங்குங்கள். திசை காட்டும் வேலையை, விளையாட்டுக்குள்ளேயே அதற்கென்று வசதி இருந்தால், அதனிடம் விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதி நேரம்.

பின்வரிசையில் உப்பளத்து ஐயாக்களும் அம்மாக்களும் இருக்கிறீர்கள். பசங்க விளையாட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைத்துவிட வேண்டாம். பாத்தியில் குனிந்து உப்பு வாரும்போது, பின்னால் வரப்பில் ஆள் வருவதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? அந்த வித்தையைத்தான் இவர்கள் கடையில் விலைக்குத் தேடுகிறார்கள்.

அந்த வித்தை எங்கே இருக்கிறது? முதலில் இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில். வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் வலது காதை முதலில் எட்டுகிறது, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு பெரிதானாலும் ஏறத்தாழ 0.65 மில்லிவினாடிதான். ஒரு வினாடியை ஆயிரமாகக் கூறுபோட்டால், அதில் ஒரு கூறுகூட முழுதாக இல்லை. அதிலும் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசத்தைக்கூட நம் மூளை கண்டுபிடித்துவிடுகிறது. இரண்டாவது, தலை போடும் நிழல். கீச்சென்ற உயர்ந்த சத்தங்களைத் தலை மறித்துவிடுவதால், எதிர்க்காதில் அவை மங்கிக் கேட்கும். தாழ்ந்த சத்தத்துக்கு நேர வித்தியாசமும், உயர்ந்த சத்தத்துக்கு அளவு வித்தியாசமும் உதவுகின்றன என்று 1907-இல் எழுதிவைத்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு.

இந்த இரண்டும் இருந்தால் இடமா வலமா என்று சொல்லிவிடலாம். முன்னா பின்னா, மேலா கீழா என்று சொல்ல முடியாது. நேர் எதிரே நிற்பவர் குரலும் நேர் பின்னே நிற்பவர் குரலும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் எட்டுகின்றன. அங்கேதான் காதுமடல் வருகிறது. தோடு போடவும், வாத்தியார் திருகவும் மட்டும் வைத்த உறுப்பு இல்லை அது. அதிலுள்ள மேடும் பள்ளமும், வந்த சத்தத்தில் சில சுருதிகளைத் தூக்கியும் சிலவற்றை அமுக்கியும் விடுகின்றன. எந்தச் சுருதி அமுங்குகிறது என்பது சத்தம் வரும் திசையைப் பொறுத்து மாறும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு மூளை அந்தக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இந்த வேலை நடப்பதெல்லாம் பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், புளூடூத் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நேற்று மாலை தம்பிகளோடு உப்பளத்துக்குப் போயிருந்தேன். ஒருவரைத் துண்டால் கண்ணைக் கட்டி வரப்பில் உட்கார வைத்தோம். இன்னொருவர் செருப்புக் காலோடு அவரைச் சுற்றி நடந்தார். காய்ந்த உப்புப் பொருக்கு காலடியில் நொறுங்குகிற சத்தம் இருக்கிறதே, அதில் தாழ்ந்ததும் உயர்ந்ததுமாக எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். உட்கார்ந்தவர் ஒவ்வொரு முறையும் விரலை நீட்டிச் சரியாகக் காட்டினார், முன் பின் தடுமாற்றமே இல்லை. அடுத்து, கைப்பேசியில் ஒரே சீரான ஊதல் ஒலி ஒன்றை ஓடவிட்டு, அவருக்கு நேர் முன்னால் பிடித்தோம். "பின்னாடி" என்றார். பின்னால் கொண்டுபோனோம், அப்போதும் "பின்னாடி"தான். ஒற்றைச் சுருதியில் காதுமடலுக்கு அமுக்கவும் தூக்கவும் எதுவும் கிடையாது, அதனால் வந்த வினை. ராலே பிரபுவும் 1870-களில் புல்வெளியில் கண்ணை மூடி நின்று, சுற்றிலும் உதவியாளர்களை நிறுத்தி இதே போலப் பார்த்திருக்கிறார். மனிதக் குரல் என்றால் சட்டென்று திசை சொன்னார்; இசைக்கவை என்றால் முன்னா பின்னா என்று தெரியவில்லை.

அப்புறம் துண்டுக்காரர் கேட்டார்: "தலையைத் திருப்பலாமா சார்?" நல்ல கேள்வி. திருப்பச் சொன்னோம். உடனே சரியாகச் சொல்லிவிட்டார். சத்தம் முன்னால் இருந்தால், தலையை வலப்பக்கம் திருப்பியதும் அது இடது காதுப் பக்கம் போகும். பின்னால் இருந்தால் வலது காதுப் பக்கம் போகும். திருப்பின அந்தக் கணத்தில் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது ஹெட்போனுக்கு வருவோம். ஹெட்போன் என்ன செய்கிறது? இடது சத்தத்தை இடது காதிலும் வலது சத்தத்தை வலது காதிலும் நேராக ஊற்றிவிடுகிறது. தலையைச் சுற்றி வருகிற தாமதம் கிடையாது, தலை நிழல் கிடையாது, திசைக்கேற்ற காதுமடல் மாற்றமும் கிடையாது. அதனால்தான் ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் பாடகர் மண்டைக்குள்ளே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. காதுக்கொரு வழியாகச் சத்தம் அனுப்பும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமாங் அடேர் என்பவர் நாடக மேடையோரம் ஒலிவாங்கிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக, காதுக்கொரு குழலாகப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார். பாடகர் மேடையில் இப்பக்கமிருந்து அப்பக்கம் நடப்பது தெரிகிறதே என்று கேட்டவர்கள் வியந்தார்கள். இடம் வலம் அப்போதே கிடைத்துவிட்டது. முன்னும் பின்னும் மேலும் கீழும்தான் பாக்கி.

திரையரங்கில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது: சுவரெல்லாம் ஸ்பீக்கர் மாட்டுவது, சரவுண்ட் என்பார்கள். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி சரவுண்டோடு வந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸ், கூரையிலும் ஸ்பீக்கர். அங்கே சத்தம் உண்மையிலேயே பின்னாலிருந்து வருகிறது; காதுமடலை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போகிறீர்கள். ஹெட்போனில் ஸ்பீக்கர் மொத்தமே இரண்டு. அந்த இரண்டிலும் சுற்றுப்புறம் முழுவதையும் காட்ட வேண்டுமென்றால், காதுமடல் செய்திருக்கக்கூடிய மாற்றத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சத்தத்தில் கலந்துவிட வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் எச்.ஆர்.டி.எஃப். என்று பெயர். ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் சத்தம் இந்தத் தலையில், இந்தக் காதில் எப்படி மாறிப் போய்ச் சேர்கிறது என்ற பட்டியல் அது.

யாருடைய தலை, யாருடைய காது? அங்கேதான் சிக்கல். 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பில் கார்ட்னர், கீத் மார்ட்டின் என்ற இருவர் கீமார் என்னும் பொம்மைத் தலையின் காதுகளுக்குள் ஒலிவாங்கி வைத்து, 710 திசைகளிலிருந்து அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 2001-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பொம்மைத் தலையையும் சேர்த்து 45 ஜோடிக் காதுகளின் அளவுகளை வெளியிட்டார்கள். அதன் பிறகும் எத்தனையோ பேர் அளந்தார்கள். நீங்கள் சரவுண்ட் பொத்தானை அமுக்கும்போது, பெரும்பாலும் உங்கள் காதில் மாட்டப்படுவது இப்படி எவரோ ஒருவருடைய, அல்லது ஒரு பொம்மையுடைய காதுமடல். அது உங்கள் காதுக்கு நெருக்கமாக அமைந்துவிட்டால் "அடேங்கப்பா, முதுகுக்குப் பின்னால் கேட்குதே" என்பீர்கள். பக்கத்து நண்பர் அதே ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு "ஒன்னுமே தெரியலையே, குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. பிறர் காதைக் கடன் வாங்கிக் கேட்கும்போது முன் பின் குழப்பம் கூடுகிறது என்பது 1990-களிலேயே சோதனையில் தெரிந்துபோன விஷயம். ஆகவே, "எந்த சரவுண்ட் பெஸ்ட்" என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னால், அது அவர் காதுக்கான தீர்ப்பு மட்டுமே.

நம்பிக்கையான செய்தி ஒன்றும் உண்டு. நெதர்லாந்தில் ஹோஃப்மன், வான் ஆப்ஸ்டல் ஆகியோரின் குழுவினர், சிலருடைய காதுமடல் பள்ளங்களில் அச்சு வைத்து வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அதை 1998-இல் எழுதினார்கள். அச்சு வைத்தவுடன் மேல் கீழ் தெரியாமல் அதை வைத்துக்கொண்டவர்கள் திண்டாடினார்கள். அதோடேயே நடமாடிச் சில வாரங்கள் போனதும் புதுக் காதுக்குப் பழகிவிட்டார்கள். அச்சை எடுத்தபோது பழைய காதும் மறந்துபோகவில்லை. விளையாடுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது: ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சில வாரமாவது அதிலேயே இருங்கள். ஒரு மேட்ச் தோற்றதும் டால்பி, அடுத்த மேட்சுக்கு டி.டி.எஸ்., ராத்திரிக்கு விண்டோஸ் சோனிக் என்று சரவுண்ட் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் மூளை எந்தக் காதைத்தான் பழகும்?

சரி, இப்போது ஒப்பிடுவோம். கடையில் 7.1 என்று விற்பதில் ஒரு வகை, கிண்ணத்துக்குள்ளேயே குட்டிக் குட்டியாகப் பல ஸ்பீக்கர் வைத்தது. எல்லாமே காதிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும்போது அதில் முன் ஏது, பின் ஏது? எடை மட்டும் கூடும். அதை விட்டுவிடுவோம். இரண்டாவது வகைதான் பரவலானது. விளையாட்டு முதலில் எல்லாச் சத்தத்தையும் ஏழு ஸ்பீக்கருக்காகப் பிரிக்கிறது. பிறகு ஹெட்செட்டின் மென்பொருள் அந்த ஏழு கற்பனை ஸ்பீக்கரையும் எச்.ஆர்.டி.எஃப். வழியாக இரண்டு காதுக்குள் மடக்குகிறது. ஸ்பீக்கர்கள் நிற்பது குறிப்பிட்ட இடங்களில்: நேர் எதிரே நடுவில் ஒன்று, முன்னால் இடவலமாக 30 பாகையில், பக்கவாட்டில் 90-ஐ ஒட்டி, பின்னால் 140-ஐ ஒட்டி. எதிரி சரியாக 60 பாகையில் வருகிறான் என்று வையுங்கள். அங்கே ஸ்பீக்கர் கிடையாது. முன் ஸ்பீக்கரிலும் பக்க ஸ்பீக்கரிலும் பாதிப் பாதியாகப் போட்டுச் சமாளிப்பார்கள். நிஜ ஸ்பீக்கர் வைத்துச் செய்தாலே பக்கவாட்டில் இந்தப் பாதிப் பாதி வேலை சரியாக எடுபடாது. கற்பனை ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். தவிர, தலைக்கு மேலே என்ற திசையே அந்த ஏழில் இல்லை. மாடியில் ஆளா, கீழ்த்தளத்தில் ஆளா என்று 7.1 ஒருநாளும் சொல்லாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சத்தம் மண்டைக்கு வெளியே இருப்பது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக இந்த மென்பொருள்கள் ஓர் அறையின் எதிரொலியையும் சேர்த்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் லேக் நிறுவனம் உருவாக்கிய டால்பி ஹெட்போன் என்ற பழைய தொழில்நுட்பத்தில் வெளிப்படையாகவே மூன்று அறைகள் இருந்தன: அடக்கமான சிறிய அறை, கொஞ்சம் எதிரொலிக்கும் அறை, பெரிய கூடம். படம் பார்க்க அருமை. ஆனால் நீங்கள் ஆடுவது எங்கே? பப்ஜி ஆட்டத்தின் மிராமர் மாதிரி வெட்டவெளிப் பாலைவனத்தில். வெட்டவெளியில் சத்தம் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டிய வரை பாத்தி. சுவர் இல்லை, மரம் இல்லை. உயரமாக இருப்பது தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரம்தான். தரையில் பட்டுத் திரும்புவது தவிர எதிரொலி என்று எதுவும் கிடையாது. தூரத்தில் ஒருவர் வேட்டு போட்டால் வெளிச்சம் முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். நம் ஊர் வெயிலில் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும், ஆகவே இரண்டு வினாடி கழித்துக் கேட்டால் 700 மீட்டர். பப்ஜி வகை ஆட்டங்களில் தோட்டா காதருகே கிழித்துக்கொண்டு போகும் சத்தம் முதலிலும், துப்பாக்கி வெடித்த சத்தம் அதன் பிறகும் வருவது இந்தக் கணக்கில்தான். இப்படி ஓர் ஆட்டத்தை எடுத்து, அதைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பிக் கேட்டால் தூரக்கணக்கு குழம்பாமல் என்ன செய்யும்?

நான் ஆதரிப்பது மூன்றாவது வகையை. அதில் விளையாட்டே நேரடியாக எச்.ஆர்.டி.எஃப். கணக்கைப் போடுகிறது. எதிரியின் கால் எங்கே இருக்கிறது, உங்கள் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விளையாட்டுக்கு அங்குலம் பிசகாமல் தெரியும். ஏழு ஸ்பீக்கர் என்ற இடைத்தரகர் இல்லாமல் நேராக இரண்டு காதுக்கும் கணக்குப் போட்டுவிடலாம். இதுவும் பழைய யோசனைதான். 1990-களின் கடைசியில் ஆரியல் என்ற நிறுவனம் ஏ3டி என்ற பெயரில் இதைச் செய்தது. 1998-இல் வந்த 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தில் அதைக் கேட்டவர்கள் இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். கிரியேட்டிவ் நிறுவனம் அதன் மேல் வழக்குப் போட்டது. ஆரியல் வழக்கில் ஜெயித்தது, செலவில் திவாலானது. 2000-இல் அதன் சொத்துகளை கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. அடுத்து விண்டோஸ் விஸ்டா வந்து சவுண்ட் கார்டின் தனி வழியை அடைத்துவிட்டது. பிறகு இந்தத் துறை வெகுகாலம் உறங்கிக் கிடந்து, மெய்நிகர் உலகைக் காட்டும் கண்ணாடிகள் வந்தபோதுதான் விழித்தது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 இதற்கென்றே தனி அமைப்போடு வந்தது. ஐந்து காதுக் கணக்குகள் கொடுத்து, உங்களுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுங்கள் என்றது. அது நேர்மையான வழி என்பேன். 2021-இல் வேலரண்ட் ஆட்டம் இந்த வசதியைச் சேர்த்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டம், அதைத் தயாரித்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் ஆடியோவைப் பயன்படுத்துகிறது. கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை.

விண்டோஸ் சோனிக்கும், 2017 முதல் விண்டோஸில் கிடைக்கும் ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸும் நடுவில் நிற்கின்றன. விளையாட்டு அவற்றோடு பேசத் தெரிந்ததாக இருந்தால் உயரமும் கிடைக்கும். இல்லையென்றால் அவையும் பழைய ஏழு ஸ்பீக்கர் வேலையைத்தான் செய்யும். சோனிக் இலவசம் என்பதால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். விளையாட்டில் எச்.ஆர்.டி.எஃப். போட்டுவிட்டு, ஹெட்செட்டிலும் 7.1-ஐப் போடுவது. ஒரு காதுமடலுக்கு மேல் இன்னொரு காதுமடலை ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். கேட்க அகலமாக, பிரமாண்டமாக இருக்கும். திசை மட்டும் கோவிந்தா. அதேபோல விண்டோஸில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி ஒன்று உண்டு. காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று போடுகிறார்கள். கேட்கும்தான். ஆனால் எட்டத்துக் காலடியும் கிட்டத்துக் காலடியும் ஒரே அளவாகிவிட்ட பிறகு தூரத்தை எதை வைத்துச் சொல்வீர்கள்?

முன் பின் குழப்பம் இதற்கெல்லாம் பிறகும் கொஞ்சம் இருக்கும். நேற்று துண்டுக்காரர் செய்ததையே செய்யுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிஜத் தலையைத் திருப்பிப் பயனில்லை, சத்தமும் தலையோடு சேர்ந்தே திரும்பும். உங்கள் தலை மவுஸில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மவுஸை வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுங்கள். காலடி இடது காதுக்கு நகர்ந்தால் ஆள் முன்னால். வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால். நன்றாக ஆடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், இந்தச் சின்ன அசைவு அவர்கள் கையில் தன்னாலேயே இருக்கும்.

இங்கே பாதிப்பேருக்கு மேல் கைப்பேசியில் ஆடுகிறவர்கள் என்று தெரியும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானபோதும், 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வந்தபோதும், நடுவில் அதுவும் காணாமல் போய் 2023-இல் திரும்பியபோதும் இந்த ஊர் டீக்கடைகளில் நடந்த பேச்சு எனக்கும் எட்டியது. உங்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம்: கம்பி வைத்த இயர்போன். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. ஸ்குவாடோடு பேசுவதற்குப் புளூடூத் ஹெட்செட்டின் மைக் திறந்தால், பழைய முறைப்படி அது போன் பேசும் நிலைக்கு மாறிவிடும். அந்த நிலையில் சத்தம் ஒற்றை வழி, இடம் வலமே கிடையாது. சுருதியும் 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸோடு வெட்டுப்பட்டுவிடும். காதுமடல் வேலை 5,000-க்கு மேலே என்று சொன்னேனே, அந்தப் பகுதி பெருமளவு போய்விட்டது. இதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ரூபாய் சரவுண்டாக இருந்தாலும் என்ன? மைக்கைக் கைப்பேசிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கம்பி.

அம்மாக்கள் சார்பில் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபலுக்குப் பத்தில் ஒரு பங்கு. காலடி கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றிவைத்தால் அதே அளவில் குண்டும் வெடிக்கும். காது கெட ஆரம்பித்தால் முதலில் போவது உயர்ந்த சுருதிகள், அதாவது திசை சொல்லும் பகுதி.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தங்கை என்னிடம் கேட்டார்: அவர் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து ஒரு காதுதான் கேட்கும், அவன் எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று. அவனுக்கு எந்த சரவுண்டும் வேண்டாம் அம்மா. கைப்பேசியின் அணுகல் வசதிகளில் மோனோ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் விழும், எதுவும் தவறிப்போகாது. திசைக்கு மினிமேப்பைப் பார்க்கட்டும். பி.ஜி.எம்.ஐ.யில் காலடியும் துப்பாக்கிச் சூடும் அந்தச் சின்ன வரைபடத்திலேயே குறியாக வந்துவிடுகின்றன. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற பையன்களில் பலரும் அதைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை.